டீசல் எஞ்சின் 'ரன்அவே': தறிகேடு என்று சொல்லலாமா?

வணக்கம் நண்பர்களே,

டீசல் எஞ்சின் நம் பிடியை மீறி, நிறுத்த முடியாமல் தானாகவே வேகமெடுத்துக்கொண்டு போவதைத்தான் 'ரன்அவே' என்கிறார்கள். பழைய கனரக லாரிகளைப் புதுப்பிக்கும் கையேட்டுக்கான சொற்பட்டியலில் இதற்கு இதுவரை நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன: கட்டுப்பாடற்ற ஓட்டம், மிகைவேகம், தானோட்டம், எண்ணெயெரி ஓட்டம். நான்கும் தமிழாக நன்றாகவே இருக்கின்றன. ஆனால் எஞ்சின் பக்கத்தில் நிற்பவருக்கு எந்தச் சொல் உதவும் என்று பார்த்தால் ஒவ்வொன்றும் ஓர் இடத்தில் இடிக்கிறது.

நிகழ்வை முதலில் பேசிவிடுவோம். பெட்ரோல் எஞ்சினில் உள்ளே போகும் காற்றை நெரித்து வேகத்தைக் குறைக்கிறோம். சாவியைத் திருப்பினால் தீப்பொறி போய்விடும், எஞ்சின் நிற்கும். பழைய கனரக டீசல்களில் பெரும்பாலும் இந்த இரண்டுமே கிடையாது. காற்று எப்போதும் தாராளமாக உள்ளே போகும், அமுக்கச் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும். வேகத்தைத் தீர்மானிப்பது எவ்வளவு டீசல் போகிறது என்பது மட்டும்தான். அந்த அளவைப் பார்த்துக்கொள்வது கவர்னர். சுழலும் எடைகள் விரிய விரிய அது ரேக்கை, அதாவது டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் பல்தண்டை, பின்னுக்கு இழுத்து டீசலைக் குறைக்கும். (கவர்னரை 'ஆளுநர்' ஆக்க வேண்டும் என்று சென்ற வாரம் வந்த யோசனையை இத்தோடு விட்டுவிடலாம். படிக்கிறவர் சிரித்துவிடுவார்.)

இந்தப் பிடி இரண்டு வழிகளில் போகும். ஒன்று, ரேக்கே முழு டீசல் நிலையில் சிக்கிக்கொள்வது. 1938-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த 71 வரிசை இரண்டு வீச்சு எஞ்சின்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசலைப் பீய்ச்சத் தனி இன்ஜெக்டர், எல்லா ரேக்குகளையும் இணைக்க ஒரே குழாய்த்தண்டு. பழைய அமைப்பில் ஓர் இன்ஜெக்டர் சிக்கினாலும் போதும், மற்றவற்றையும் அது அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். நெடுநாள் கிடப்பில் கிடந்து துருவேறிய எஞ்சினை முதன்முதலாக ஸ்டார்ட் செய்யும்போது பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

இன்னொரு வழி, கவர்னருக்குத் தெரியாமலே வேறு எரிபொருள் உள்ளே வருவது. டர்போவின் சீல் போனால் எஞ்சின் ஆயில் காற்றோடு கலந்து சிலிண்டருக்குள் போகும். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் கிராங்க்கேஸ் ஆவியோடு ஆயில் மூட்டமாக வந்து சேரும். பழைய லாரிகளில் இருக்கும் ஆயில் குளியல் ஏர் கிளீனரில் கோட்டுக்கு மேல் ஊற்றிவிட்டால் அந்த ஆயிலையே எஞ்சின் உறிஞ்சிக் குடிக்கும். டீசல் பம்பின் டயாஃப்ரம் கிழிந்து எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்குள் டீசல் இறங்கி மட்டம் ஏறிப் போவதும் உண்டு. இந்த நிலைகளில் சாவியைத் திருப்புவது, நிறுத்தும் கம்பியை இழுப்பது, டீசல் குழாயைக் கழற்றுவது எல்லாமே வீண். எஞ்சின் தன் ஆயிலையே தின்று ஓடிக்கொண்டிருக்கும். வேகம் இருமடங்கானால் பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் மேல் விழும் நிலைம விசை நான்கு மடங்காகும். நிமிடத்துக்கு 2,100 சுற்றுக்கு வடிவமைத்த எஞ்சின் 4,200-ஐத் தொட்டால் ராடு பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வருவதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இப்போது பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> மிகைவேகம் என்றாலே போதுமே, சின்ன சொல்லும்கூட.

இதை ஏற்க முடியாது. மிகைவேகம் வேறொரு நிகழ்வுக்குத் தேவைப்படுகிறது. சின்க்ரோமெஷ் (கியர்களின் வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் அமைப்பு) இல்லாத பழைய கியர்பாக்ஸோடு இறக்கத்தில் வரும்போது தவறிக் கீழ் கியருக்குப் போய்விட்டால், சக்கரங்கள்தான் எஞ்சினை வலிந்து சுழற்றும். கவர்னர் அப்போது தன் வேலையைச் சரியாகவே செய்து டீசலை முழுக்க மூடியிருக்கும். ஆனாலும் வேகம் ஏறும். அந்த நேரத்தில் கிளட்சை மிதித்தால் எஞ்சின் பிழைக்கும், வண்டியைப் பிரேக்கால் பிடித்துக்கொள்ள வேண்டும். 'ரன்அவே'யில் கிளட்சை மிதித்தால் இருந்த கொஞ்சநஞ்சச் சுமையும் போய் எஞ்சின் இன்னும் எகிறும். ஒன்றில் காப்பாற்றும் மிதி, மற்றதில் கெடுத்துவிடும். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைக்கும் கையேட்டை என் வண்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள மாட்டேன்.

> கட்டுப்பாடற்ற ஓட்டம் எல்லோருக்கும் உடனே புரியும்.

புரியும், ஆனால் தவறாகப் புரியும். பிரேக் இழந்து மலைச்சரிவில் பாயும் லாரிதான் கண்முன் வரும். இங்கே லாரி நகராமல் நின்றிருக்கலாம். எஞ்சினே ஸ்டாண்டில் பூட்டிக் கிடக்கலாம்.

தானோட்டம் எனக்குப் பிடித்த சொல். அதைப் பெட்ரோல் எஞ்சின்களுக்கு வைத்துக்கொள்வோம். சாவியை எடுத்த பிறகும் சூட்டினால் சில சுற்று உதறி ஓடி அடங்குமே, அதற்கு அச்சாகப் பொருந்தும். எண்ணெயெரி ஓட்டம் காரணத்தைப் பெயரில் வைக்கிறது. ரேக் சிக்கிய எஞ்சினில் எண்ணெய்க்கு வேலையே இல்லை. எரிவாயுவிலும் இது நடக்கும். 2005-இல் அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில் 15 பேரைப் பலிகொண்ட வெடிப்பில், கசிந்த ஆவிக்குத் தீ கொடுத்தது ஐட்லிங்கில் நின்ற ஒரு டீசல் பிக்கப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பது விசாரணையின் முடிவு. அந்த ஆவியை உறிஞ்சி அதன் எஞ்சின் எகிறியதைப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

பட்டறைப் பேச்சில் 'வண்டி தானா ரேஸ் ஆகுது' என்பார்கள். ஐட்லிங் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் அதே பேச்சுதான், அதனால் அதையும் எடுக்க முடியவில்லை.

என் பரிந்துரை: தறிகேடு.

தறிகெட்டு ஓடுவது நம் பேச்சில் ஏற்கெனவே இருக்கிறது. தறி என்பது கட்டுத்தறி, யானையையோ மாட்டையோ கட்டி வைக்கும் முளை. வேகம் எவ்வளவு என்று இந்தச் சொல் பேசுவதில்லை, காரணம் எது என்றும் பேசுவதில்லை. பிடித்து வைத்திருந்த ஒன்று விட்டுப்போயிற்று என்பதை மட்டும் சொல்கிறது. சீர்கேடு, முறைகேடு வரிசையில் பெயர்ச்சொல்லாக நிற்கும். வினையாகவும் எளிதாகப் போகும்: எஞ்சின் தறிகெட்டது, தறிகெட்ட எஞ்சின், தறிகேட்டுக்கான காரணங்கள். பாட்டரிகளில் சூடு சூட்டையே வளர்த்துக்கொண்டு போகும் நிகழ்வுக்கும் 'வெப்பத் தறிகேடு' என்று பின்னால் கைகொடுக்கும்.

இரண்டு ஆட்சேபங்கள் வரும் என்று நினைக்கிறேன். தறி என்றால் நெசவுத் தறி நினைவுக்கு வராதா? தனியாக நின்றால் வரும். 'கெட்டு' சேர்ந்தால் யாருக்கும் வராது. தறிகெட்டுத் திரிகிறான் என்று ஆளைத் திட்டும் வசை வாடை இருக்கிறதே? இருக்கிறது. கொஞ்சம் பயமுறுத்தும் சொல்லாக இருப்பது இந்த இடத்துக்கு நல்லதுதான் என்பது என் கருத்து.

கையேட்டில் எப்படி உட்காரும் என்று ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

"புதுப்பித்த எஞ்சினை முதலில் ஸ்டார்ட் செய்யுமுன் ரேக் கையால் தள்ளும்போது தடங்கலின்றி நகர்ந்து திரும்புகிறதா என்று பாருங்கள். ஏர் கிளீனர் ஆயில் மட்டத்தையும் சம்ப் மட்டத்தையும் சரிபாருங்கள். ஆயிலில் டீசல் வாடை அடித்தால் ஸ்டார்ட் செய்ய வேண்டாம். ஏர் கிளீனர் குழாயைக் கழற்றி வைத்து, காற்று நுழையும் வாயை முழுக்க மூடும் அளவுக்குத் தடித்த பலகையோடு ஒருவர் தயாராக நிற்கட்டும். தறிகேடு ஏற்பட்டால் பலகையால் காற்றை அடைத்துவிடுங்கள். கையாலோ துணியாலோ மூடக் கூடாது. கை சிக்கும், துணி உள்ளே போகும். கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானை அந்த வாயில் பீய்ச்சலாம். மூட முடியாவிட்டால் எஞ்சினின் பக்கவாட்டில் நிற்காமல் விலகிப் போங்கள்."

இதே பத்தியில் இன்னொரு சொல்லும் தேவைப்படும். 71 வரிசையில் சிலிண்டர்களுக்குக் காற்றைத் தள்ளும் புளோயரின் வாயில் அவசரத்துக்கு விழுந்து மூடும் தகடு உண்டு. அதற்கு 'அவசர நிறுத்தி' என்று பட்டியலில் இருக்கிறது. 'காற்றடைப்பு மடல்' என்று மாற்றக் கேட்கிறேன். நிறுத்தி என்று பெயர் வைத்தால் தினமும் எஞ்சினை அணைக்க அதையே இழுப்பார்கள்; அது ஏற்படுத்தும் வெற்றிடம் புளோயரின் ஆயில் சீல்களைப் பாழாக்கும். சீல் கசிந்தால் அந்த ஆயிலும் சிலிண்டருக்குத்தான் போகும்.

தறிகேட்டுக்கு ஆட்சேபம் இல்லையென்றால் பட்டியலில் ஏற்றிவிடலாம். மடலுக்குப் பதிலாக 'கதவு' போதும் என்று நினைப்பவர்கள் எழுதுங்கள், எனக்கு அதிலும் மறுப்பில்லை.