ஸ்க்ரைப் வேண்டாம் என்கிற மாணவர்கள்

தேர்வில் மாணவர் சொல்லச் சொல்லக் கேட்டு விடைத்தாளில் எழுதுபவர்தான் ஸ்க்ரைப். பார்வைக் குறைபாடுள்ள மாணவர் "ஸ்க்ரைப் வேண்டாம் சார்" என்றால் கூச்சம் என்றே எல்லோரும் நினைக்கிறோம். பெரும்பாலும் அது கணக்குப் போட்டு எடுத்த முடிவு. சொந்தமாக அழைத்துவரும் ஸ்க்ரைப், தேர்வெழுதுபவரைவிட ஒரு படி குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும் என்றது 2018-இன் மத்திய அரசு வழிகாட்டுதல். பி.எஸ்சி. கணிதத் தாளில் தொகையீட்டுக் குறி, அடுக்கு, அடைப்புக்குறி எல்லாவற்றையும் பிளஸ் டூ முடித்தவருக்கு வாயால் சொல்லி எழுதவைத்தால் கூடுதல் நேரம் அதிலேயே கரைந்துவிடும். படம் வரையும் தாள் என்றால் கேட்கவே வேண்டாம்.

தவறு நடப்பது அடுத்த கட்டத்தில். ஸ்க்ரைப் வேண்டாம் என்றால் நேரமும் கிடைக்காது என்று எண்ணி விண்ணப்பமே கொடுப்பதில்லை. அதே வழிகாட்டுதல், 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் குறைபாடு உள்ளவருக்கு ஸ்க்ரைப் இல்லாமலும் 3 மணி நேரத் தாளுக்குக் குறைந்தது 1 மணி நேரம் கூடுதலாகத் தர இடமளித்தது. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லையா? "ஸ்க்ரைப் தேவையில்லை, கூடுதல் நேரம் மட்டும்" என்று தனிக் கடிதம் எழுதி, யு.டி.ஐ.டி. அட்டை (அரசு தரும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) நகலோடு தேர்வுப் பிரிவில் கொடுங்கள். பெற்றுக்கொண்டதாக முத்திரையிட்ட நகல் இல்லாமல் திரும்பாதீர்கள், ஹாலில் கேட்பார்கள்.

*

மாணவர்கள் வேண்டாம் என்பவற்றில் தனித் தேர்வறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வினாத்தாளில் பிழைத்திருத்தம் என்றால் பெரிய ஹாலில் அறிவிப்பார்கள், தனி அறைக்கு யாரும் வந்து சொல்வதில்லை. அதற்குப் பயந்தே வேண்டாம் என்பவர்கள் உண்டு. திருத்தம் வந்தால் தனி அறைக்கும் தெரிவிக்கும்படி கண்காணிப்பாளரிடம் முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது.

40 சதவீதத்துக்குக் கீழே என்பதால் கேட்காமலே விடுவோர் இன்னொரு கூட்டம், முக்கியமாக டிஸ்கிராஃபியா என்கிற எழுதுவதில் குறைபாடு உள்ளவர்கள். 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில், 40 சதவீதம் இல்லை என்பதற்காக ஸ்க்ரைப் மறுக்கக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். 2022 ஆகஸ்டில் இவர்களுக்கென்றே வழிகாட்டுதலும் வந்தது. எழுதுவதில் சிரமம் என்று அரசு மருத்துவக் குழு தரும் சான்று வேண்டும். தேர்வுக்கு முந்தின வாரம் அலைந்தால் கிடைக்காது, செமஸ்டர் தொடக்கத்திலேயே போக வேண்டும்.

*

காது கேளாதவர்கள் விஷயம் வேறு. வாயசைவைப் படிப்பவரை முதல் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு வசதி செய்தாயிற்று என்பார்கள். ஆசிரியருக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் முகம் இருட்டாகத்தான் தெரியும். போர்டைப் பார்த்துப் பேசினால் அதுவும் இல்லை. இதற்கு எந்தச் சான்றிதழும் வேண்டாம்: வெளிச்சம் ஆசிரியர் முகத்தில் விழுகிற பக்கமாக இடம் மாறி, பாடக்குறிப்பை முந்தின நாளே வாட்ஸப்பில் கேட்டு வாங்கினால் போதும்.