உதவி: வேண்டாத ஆப்ஷன்களை அழித்தேன், கெர்னல் பூட் ஆகவில்லை

பூக்கல்:
ஆத்தங்குடியில் எங்கள் பூக்கல் பட்டறையில் பில் போடும் பழைய டெஸ்க்டாப். லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் கரு) 6.1, நானே கம்பைல் செய்வது. இனிட்ராம்எஃப்எஸ் (பூட் ஆகும்போது மாட்யூல்களைக் கொடுக்கும் தற்காலிக ஃபைல் சிஸ்டம்) கிடையாது. எந்தெந்த ஆப்ஷன் வேண்டும் என்று சொல்லும் கான்ஃபிக் ஃபைல் 3.2 கெர்னல் காலத்திலிருந்து சுமந்து வருவது, அதனால் ஏகப்பட்ட குப்பை. நேற்று 'மேக் சேவ்டெஃப்கான்ஃபிக்' கொடுத்து, டீஃபால்ட்டிலிருந்து மாறிய ஆப்ஷன்களை மட்டும் வைத்துச் சுருக்கினேன். வந்த சின்ன ஃபைலில் இஎக்ஸ்டி3 என்று தொடங்கிய மூன்று வரிகளையும் அழித்தேன். என் டிஸ்கில் இருப்பது இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் மட்டும்தான், இது எதற்கு என்று நினைத்தேன். அப்புறம் அதிலிருந்து முழு கான்ஃபிக்கை உருவாக்க 'மேக் ஓல்டுடெஃப்கான்ஃபிக்', கம்பைல், ரீபூட். உடனே பேனிக் (கெர்னல் ஓட முடியாமல் நின்றுவிட்டது): 'அனேபிள் டு மவுன்ட் ரூட் எஃப்எஸ்', அதாவது ரூட் ஃபைல் சிஸ்டத்தை ஏற்ற முடியவில்லை. கிரப் பூட் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் ஓடுகிறது. இன்றைய பில்லெல்லாம் அதில்தான்.

தேவகோட்டை ரஸ்தா:
டிஸ்கை இணைக்கும் சாட்டா டிரைவரையும் சேர்த்து அழித்திருப்பீர்கள். எனக்கு ஒரு முறை அப்படி ஆனது.

பள்ளத்தூரான்:
பேனிக் வரியின் கடைசியில், 'அன்னோன்-பிளாக்' பக்கத்தில் என்ன எண் இருக்கிறது தம்பி?

பூக்கல்:
8,1 அண்ணே. போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

பள்ளத்தூரான்:
அப்படியென்றால் சாட்டா டிரைவர் சரியாக இருக்கிறது. 8,1 என்பது எஸ்டிஏ1, முதல் டிஸ்கின் முதல் பகுதி. டிஸ்க் கிடைத்துவிட்டது, அதைப் படிக்கத்தான் ஆள் இல்லை. 0,0 என்று வந்திருந்தால் ரஸ்தா சொன்ன பக்கம் தேடலாம்.

இஎக்ஸ்டி3-க்கென்று தனியாக இருந்த டிரைவரை 2015-இல், 4.3 கெர்னலிலேயே எடுத்துவிட்டார்கள். இஎக்ஸ்டி3 டிஸ்கையும் இப்போது இஎக்ஸ்டி4 டிரைவர்தான் படிக்கிறது. ஆனால் உங்களைப் போலப் பழைய கான்ஃபிக் வைத்திருப்பவர்கள் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று ஆப்ஷனின் பெயரை மட்டும் விட்டுவைத்தார்கள். நம் ஊரில் தாத்தா போன பிறகும் கடை அவர் விலாசத்திலேயே (பெயரிலேயே) நடக்குமே, அந்தக் கதை. உங்கள் 6.1-இல் இஎக்ஸ்டி3_எஃப்எஸ் செய்யும் ஒரே வேலை, இஎக்ஸ்டி4_எஃப்எஸ்-ஐ 'செலக்ட்' செய்வது, அதாவது தானாகச் சேர்த்துவிடுவது.

சேவ்டெஃப்கான்ஃபிக் இதில்தான் காலை வாருகிறது. வேறொன்று செலக்ட் செய்து கட்டாயமாக்கிய ஆப்ஷனை அது எழுதவே எழுதாது. ஆகவே உங்கள் சின்ன ஃபைலில் இஎக்ஸ்டி4_எஃப்எஸ் வரியே இருந்திருக்காது. விலாசப் பலகையைக் கழற்றினீர்கள், கடையும் கூடவே போயிற்று. பழைய கான்ஃபிக்கையும் புதியதையும் 'ஸ்கிரிப்ட்ஸ்/டிஃப்கான்ஃபிக்' கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பூக்கல்:
பார்த்தேன். 'இஎக்ஸ்டி4_எஃப்எஸ் ஒய் -> என்', அதாவது இருந்தது இப்போது இல்லை. ஜேபிடி2-வும் காணாமல் போயிருக்கிறது. அதை நான் தொடவே இல்லையே!

பள்ளத்தூரான்:
அது இஎக்ஸ்டி4-க்கான ஜர்னல் பகுதி, அதை இஎக்ஸ்டி4 செலக்ட் செய்கிறது. தானாக வரும். இஎக்ஸ்டி3 வரிகளைத் திரும்பப் போட வேண்டாம், உண்மையில் அவை வேண்டாதவைதான். சின்ன ஃபைலில் 'கான்ஃபிக்_இஎக்ஸ்டி4_எஃப்எஸ்=ஒய்' என்று நேரடியாக எழுதி, மறுபடி ஓல்டுடெஃப்கான்ஃபிக் கொடுங்கள். எம் (மாட்யூல்) போடாதீர்கள், இனிட்ராம்எஃப்எஸ் இல்லாமல் மாட்யூலை எங்கிருந்து எடுக்கும்?

பூக்கல்:
பூட் ஆகிவிட்டது, நன்றி அண்ணே! ஆனால் பில் ஃபோல்டருக்கு யார் யாருக்கு அனுமதி என்று அமைக்க 'செட்எஃப்ஏசிஎல்' கொடுத்தால் 'ஆப்பரேஷன் நாட் சப்போர்ட்டட்' என்கிறது. பழைய கெர்னலில் இப்படி வராது.

பள்ளத்தூரான்:
மூன்று வரி அழித்தேன் என்றீர்களே, அதில் ஒன்று இஎக்ஸ்டி3_எஃப்எஸ்_போசிக்ஸ்_ஏசிஎல், இந்த அனுமதிகளுக்கானது. அதுவும் இதே கூத்துதான். இஎக்ஸ்டி4 பெயரில் எழுதுங்கள். செக்யூரிட்டி என்று முடியும் மூன்றாவதையும் அப்படியே.

பூக்கல்:
இரண்டும் சேர்த்தாயிற்று. செட்எஃப்ஏசிஎல் வேலை செய்கிறது.