பள்ளிக்கூடப் பெட்டி திரும்பி வந்திட்டுது, நாளைக்கு என்ன குடுத்துவிடுறது?

கிளிநொச்சி_புதுசு: வணக்கம். நாங்கள் வந்து கொஞ்சநாள்தான். சின்னவளின்ர பெட்டியில எள்ளுப்பாகும் அவிச்ச கச்சானும் வச்சுவிட்டன். தொடாமல் திரும்பி வந்திட்டுது, ஒரு கடிதமும் சேர்த்து. இவர் இரவு வேலை, கேக்க ஆளில்லை. காலமைச் சாப்பாட்டுக்குக் கடைச் சீரியல் வாங்கிக் கட்டாது. நாளைக்குக் காலமை என்ன செய்யிறது?

மாங்குளத்தான்: எந்த நாடு தங்கச்சி? பிள்ளையளுக்கு எத்தினை வயசு?

லண்டன்_மாமி: இங்கிலாந்தெண்டால் யோசியாதேங்கோ பிள்ளை. அரச பள்ளிக்கூடத்தில ரிசெப்ஷன் எண்ட பாலர் வகுப்புத் தொட்டு இரண்டாம் வகுப்பு மட்டும் மத்தியானச் சாப்பாடு இலவசம், 2014இல இருந்து. நாங்கள் வந்த காலத்தில ஒரு வீட்டில மூண்டு குடும்பம், மீற்றருக்குக் காசு போட்டால்தான் அடுப்பெரியும்.

மாங்குளத்தான்: மாமி, அவ கேட்டது காலமைச் சாப்பாடும் பெட்டியும்.

பாரிஸ்_பெடியன்: புட்டு அவியுங்கோ அக்கா. அரிசிமாவும் குரக்கன்மாவும் பாதிக்குப் பாதி. அதைவிட மலிவு என்ன இருக்கு?

ரொறன்ரோ_அக்கா: ஆறின புட்டை எந்தப் பிள்ளை தம்பி தின்னும்? ஓட்ஸ் பெரிய பைக்கற்றா வாங்கி உப்புமா கிண்டலாம்.

பாரிஸ்_பெடியன்: ஓட்ஸ் வருத்தக்காரற்ற சாப்பாடு.

மல்லாவி_அம்மா: என்ர மகளும் சத்துமா அனுப்பு எண்டு நிண்டவள். பயறு, உழுந்து, குரக்கன், சோளம் வறுத்துத் திரிச்சு அனுப்பினால் பார்சல்காசு மாக்காசை விழுங்கிப்போட்டுது. அங்கயே வாங்கி வறுத்து அரையுங்கோ. இஞ்ச எல்லாம் மலிவெண்டு நினையாதேங்கோ, தேங்காய் விலையில சம்பல் இடிக்கவே மனம் வராது.

லண்டன்_மாமி: இஞ்ச பேரப்பிள்ளையள் சம்பலைக் கண்டால் ஓடுதுகள். பீட்சா, பீட்சா!

கிளிநொச்சி_புதுசு: குறை நினையாதேங்கோ, பதட்டத்தில நாட்டைச் சொல்லேல்லை. கனடா, ஸ்காபரோ. மூத்தவனுக்கு ஒன்பது, சின்னவளுக்கு அஞ்சு. கடிதத்தில ‘நட்ஸ்’ எண்டதுதான் விளங்குது.

ரொறன்ரோ_அக்கா: அதை முதல் சொல்லியிருக்கலாமே அம்மா. பயப்பிடாதேங்கோ, உங்களில பிழை பிடிச்சு அனுப்பின கடிதமில்லை. கச்சான் ஒவ்வாமை சில பிள்ளையளுக்கு உயிராபத்து. உங்கட ஒன்ராறியோ மாகாணத்தில 2006 தொடக்கம் இதுக்குச் சட்டமே இருக்கு. எது கூடாதெண்டது பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் மாறும். எள்ளும் கனடாவின்ர ஒவ்வாமைப் பட்டியலில இருக்கு, ரீச்சரிட்டக் கேட்டிட்டுக் குடுங்கோ. கச்சானும் எள்ளுப்பாகும் வீட்டில தின்னட்டும்.

இண்டைக்கு இரவே கௌபி ஊறப்போடுங்கோ. விடிய அவிச்சு, வெங்காயம் கடுகு தாளிச்சு, கடையில விக்கிற ஐஸ் தேங்காய்ப்பூவில கொஞ்சம் போட்டால் பெட்டிக்குக் காணும். ஒரு வாழைப்பழமும் வையுங்கோ. வீட்டில தின்னிறதுக்குக் குரக்கன் ரொட்டி, இந்தியக் கடையில ராகி மா எண்டு கேளுங்கோ. முருங்கை இலைக்குப் பதிலா ஐஸ் பசளிக்கீரையை உருக்கிப் பிழிஞ்சு மாவோட குழைக்கலாம்.

தம்பி சொன்ன புட்டும் சரிவரும், தேர்மஸ் இருந்தால். பள்ளிக்கூடத்தில சூடாக்கித் தருவினமெண்டு நம்பாதேங்கோ. முதல் கொதிதண்ணி விட்டுப் பத்து நிமிசம் வச்சு ஊத்திப்போட்டு, ஆவி பறக்கப் போட்டு மூடுங்கோ. சின்னவளுக்கு மூடி திறக்க வருதோ எண்டு வீட்டிலயே பாத்திட்டு அனுப்புங்கோ, ரீச்சருக்கு எல்லாற்ற மூடியையும் திறந்துகுடுக்க நேரமிராது.