மசாய் மாரா பயணம்: 300 மில்லிமீட்டர் லென்ஸ் போதுமா?

ஆயர் ஈத்தாம் ஆசிரியை (பினாங்கு)

அனைவருக்கும் வணக்கம். தமிழ்ப்பள்ளியில் 32 ஆண்டுகள் பணியாற்றிக் கடந்த ஆண்டு ஓய்வு பெற்றேன். வரும் ஆகஸ்டில் மகளோடு கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்கு ஆறு நாள் பயணம் செல்ல முன்பணம் கட்டியிருக்கிறோம். சிறுமியாக இருந்த காலம் தொட்டு மனத்தில் வைத்திருந்த ஆசை இது.

படம் எடுப்பது எனக்குப் புதிதல்ல. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை அடிவாரத்தில் காவடிகளைப் பல ஆண்டுகளாக எடுத்து வருகிறேன். ஆனால் அங்கே எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் நடக்கும். வனவிலங்கு அப்படி வந்து நிற்காது. என்னிடம் இருப்பது ஏபிஎஸ்-சி வகைக் கேமராவும் (முழுச்சட்டகக் கேமராவைவிடச் சிறிய உணரி உள்ளது) 70-300 மில்லிமீட்டர் லென்ஸும்தான். 600 வரை நீளும் லென்ஸ் இல்லாமல் ஆப்பிரிக்காவுக்குப் போவது வீண் என்று இங்குள்ள கடைக்காரர் ஒருவர் சொல்கிறார். அதன் விலையைக் கேட்டதிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். முன்பு போய் வந்த உறவினர் ஒருவர், ஓட்டுநருக்குக் கூடுதலாகக் கொஞ்சம் பணம் கொடுத்தால் பாதையை விட்டுப் புல்வெளிக்குள் இறங்கிச் சிங்கத்தின் அருகிலேயே வண்டியை நிறுத்துவார் என்றும், அப்போது சிறிய லென்ஸே போதும் என்றும் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. அங்கே அது வழக்கம்தானா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

செந்தூல் வாசி (கோலாலம்பூர்)

வணக்கம், டீச்சர். 2016-இலும் 2019-இலும் மாராவுக்குப் போயிருக்கிறேன். உங்கள் இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

முதல் பயணத்தில் நாங்களும் அதைத்தான் செய்தோம். ஒரு பெண் சிவிங்கிப்புலி (சீட்டா) புல்லுக்குள் வயிறு தரையில் படப் பதுங்கி, தாம்சன் மான் ஒன்றை நோக்கி அடி அடியாக நகர்ந்துகொண்டிருந்தது. எங்கள் வண்டியில் இருந்த ஒருவர் பணத்தாளை நீட்டியதும் ஓட்டுநர் பாதையை விட்டு வளைத்து, அதற்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். மான் தலையை நிமிர்த்தி வண்டியைப் பார்த்தது, மறுகணம் ஓடிவிட்டது. சிவிங்கிப்புலி எழுந்து, சற்று நேரம் நின்று, அப்படியே உட்கார்ந்துவிட்டது. அப்போது நான் எடுத்த படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. சட்டகம் நிறைய முகம்; கண்ணிலிருந்து வாய்வரை இறங்கும் கருங்கோடு மயிர்க்கால் தெரியுமளவுக்குத் துல்லியம். ஆனால் அந்தக் கண்கள் பார்த்துக்கொண்டிருந்தது எங்கள் வண்டிச் சக்கரத்தை. அந்தப் படத்தை நான் அச்சிடவே இல்லை.

சிங்கமும் கழுதைப்புலியும் பெரும்பாலும் இரவில் வேட்டையாடுவதால், அவற்றுக்கு ஒதுங்கிச் சிவிங்கிப்புலி பெரும்பாலும் பகலில் வேட்டையாடுகிறது. நாம் வண்டியில் சுற்றுவதும் அதே நேரத்தில்தான். மாராவில் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, சுற்றுலா வண்டிகள் மிகுந்த பகுதியில் வாழ்ந்த தாய்கள் ஓர் ஈற்றுக்குச் சராசரியாக 0.21 குட்டியையும், வண்டிகள் குறைந்த பகுதியில் வாழ்ந்தவை 2.32 குட்டிகளையும் வளர்த்து ஆளாக்கியதாகக் கூறுகிறது. பிறகு படித்தபோதுதான் நாங்கள் செய்தது என்ன என்பது எனக்கு முழுமையாகப் புரிந்தது.

காப்பகத்துக்குள் பாதையை விட்டு இறங்குவது விதிப்படி குற்றம்; வேட்டையாடும் விலங்கின் அருகே ஒரே நேரத்தில் ஐந்து வண்டிகளுக்கு மேல் நிற்கவும் கூடாது. பிடிபட்டால் தண்டம் கட்டுவதும் வேலையை இழப்பதும் ஓட்டுநர்தான். ஆகவே முதல் நாள் காலையிலேயே அவரிடம், “எங்களுக்கு நெருக்கம் வேண்டாம், நல்ல வெளிச்சம் இருக்கும் பக்கத்தில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள், அது போதும்” என்று சொல்லிவிடுங்கள். 2019-இல் நான் அப்படிச் சொன்னபோது அந்த ஓட்டுநர் முகம் மலர்ந்ததை இன்னும் மறக்கவில்லை. கூடுதல் பணத்தைக் கடைசி நாளில் அன்பளிப்பாகக் கொடுக்கலாம்.

இனி லென்ஸ். உங்கள் கேமராவில் 300 என்பது முழுச்சட்டகக் கேமராவில் ஏறக்குறைய 450-க்கு ஈடான பார்வைக் கோணத்தைத் தரும். யானை, ஒட்டகச்சிவிங்கி, சிங்கக் கூட்டம் ஆகியவற்றுக்கு இது தாராளமாகப் போதும். பறவைகளுக்கும், தொலைவில் மரக்கிளையில் படுத்திருக்கும் சிறுத்தைக்கும் போதாது. அதற்காக ஏறக்குறைய 2 கிலோ எடையுள்ள 150-600 லென்ஸை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. கோலாலம்பூரில் வாடகைக்கே கிடைக்கும். மேலும், காலை பத்து மணிக்கு மேல் வெயில் ஏறினால், வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் தார் மேல் காற்று நெளிவதைப் போலப் புல்வெளியின் மேலும் காற்று நெளியும். அப்போது எவ்வளவு நீண்ட லென்ஸாக இருந்தாலும் தொலைவில் உள்ளது தெளிவாக விழாது.

அந்த இடம் நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் நம் ஊரைப் போலவே சூரியன் விறுவிறுவென்று ஏறிவிடும். மென்மையான வெளிச்சம் ஒரு மணி நேரம்கூட நிற்காது. விடியும்போதே விடுதியை விட்டுக் கிளம்பிவிடுங்கள். உயரமான சமவெளி என்பதால் ஆகஸ்டுக் காலை நன்றாகக் குளிரும், கம்பளிச் சட்டை கட்டாயம். நிற்கும் விலங்குக்கு ஷட்டர் வேகம் 1/500 வினாடி, ஓடுவதற்கு 1/2000 வினாடி வையுங்கள். விடியற்காலையில் ஐஎஸ்ஓவை (ஒளியை உணரும் திறனை) 3200-க்கு ஏற்றத் தயங்க வேண்டாம். கூரையைத் திறந்து மேலிருந்து எடுப்பதைவிடச் சன்னலை இறக்கி எடுத்தால் விலங்கின் கண்மட்டத்துக்கு அருகில் வருவீர்கள், படத்துக்கு உயிர் வரும். முக்காலியை விரிக்க வண்டியில் இடமிருக்காது. பழைய சேலைத் துணியில் ஒரு பை தைத்து எடுத்துச் சென்று, நைரோபியில் பயறு வாங்கி நிரப்பிச் சன்னல் விளிம்பில் வைத்தால் லென்ஸ் அசையாமல் அமரும்.

பாலிக் புலாவ் பறவை நேசன் (பினாங்கு)

செந்தூல் நண்பர் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். புறப்படும் முன், டீச்சர், நான்கைந்து வார இறுதிகளில் எங்கள் பக்கம் சுங்கை புரோங் வயல்வெளிக்கு வாருங்கள். அங்கே வட்டமிடும் செம்பருந்தைக் குவியத்தில் பிடித்துவைக்கக் கை பழகிவிட்டால், ஓடும் வரிக்குதிரை எளிதாகிவிடும்.

நமக்கு ஈரப்பதமும் பூசணமும் எதிரி; அங்கே தூசிதான். வண்டியில் லென்ஸைக் கழற்றி மாற்றாதீர்கள். ஓடும்போது கேமராவைத் தலையணை உறைக்குள் வைத்திருங்கள். நம்மவர் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துப் போவது வழக்கம், ஆனால் கென்யா 2017 ஆகஸ்டிலேயே பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்துவிட்டது. நைரோபியிலிருந்து சிறிய விமானத்தில் போவதாக இருந்தால், கைப்பையும் சேர்த்து 15 கிலோதான் அனுமதி. பெட்டியும் மடங்கக்கூடிய துணிப்பையாக இருக்க வேண்டும்.

ஆயர் ஈத்தாம் ஆசிரியை (பினாங்கு)

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. புதிய லென்ஸ் வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டேன். மகளும் ஓட்டுநரிடம் என்ன சொல்வது என்பதை இப்போதே எழுதி வைத்துக்கொண்டாள். இன்னும் ஒன்று மட்டும்: வில்டபீஸ்ட் (பெரிய மான் வகை விலங்கு) மந்தை மாரா ஆற்றைக் கடக்கும் காட்சிக்காக எங்கள் பயணத் திட்டத்தில் ஒரே ஒரு முற்பகல்தான் ஒதுக்கப்பட்டுள்ளது. அது போதுமா?

செந்தூல் வாசி (கோலாலம்பூர்)

போதாது, டீச்சர். முடிந்தால் இரண்டு முழு நாள் கேட்டுப் பாருங்கள். 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட்கள் தான்சானியாவின் செரெங்கெட்டிக்கும் மாராவுக்கும் இடையே மழையையும் புல்லையும் பின்பற்றி அலைகின்றன. ஜூலை முதல் அக்டோபர் வரை அவை ஆற்றைக் கடக்கும் என்பது உண்மை. எந்த மணிக்கு, எந்தத் துறையில் என்பதை எவராலும் சொல்ல முடியாது. கரைவரை வந்து, நீரை முகர்ந்து, அத்தனையும் திரும்பி நடந்ததை நான் மூன்று முறை பார்த்தேன். நான்காம் முறை நான்கு மணி நேரம் காத்திருந்தபின் ஒன்று குதித்தது. அதன் பின்னால் தூசி எழுந்து அக்கரையையே மறைத்தது.

காத்திருக்கும்போது வண்டி கரையிலிருந்து நன்றாகத் தள்ளி நிற்கட்டும். வண்டிகள் இறங்குதுறையை அடைத்து நின்றால் மந்தை செங்குத்தான கரையில் இறங்க நேர்ந்து கால் முறிகிறது. இந்தக் காட்சிக்கு உங்கள் 70-300 மிகப் பொருத்தம். 70-இல் மந்தை முழுவதையும் எடுங்கள். பிறகு 300-க்குச் சென்று, தாயைத் தேடிக் கரையில் நின்று கத்தும் ஒரு கன்றைத் தேடுங்கள்.

மறவாமல் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்னதாகப் போட்டுக்கொண்டு, அந்த அட்டையைக் கடப்பிதழோடு வைத்திருங்கள். கென்யாவிலிருந்து திரும்பும்போது நம் விமான நிலையத்தில்தான் அதைக் கேட்பார்கள்.