வெர்மூத்துக்குத் தமிழ்: எட்டித்தேறலா, கமழ்தேறலா?

பொருள்: வெர்மூத் – பானத் தொகுதிக்குச் சொல் வேண்டும்

அன்பர்களுக்கு,

நாம் தொகுக்கும் பானத் தொகுதியில் வெர்மூத் பதிவு மட்டும் தமிழ்ச்சொல் இல்லாமல் நிற்கிறது. வெர்மூத் என்று ஒலிபெயர்த்துப் போட்டுவிடலாம். ஆனால் செய்முறை எழுதுகிறவருக்கும் படிக்கிறவருக்கும் அந்த ஒலி ஒன்றும் சொல்லாது. பொருள் இதுதான்: புளித்துத் தெளிந்த ஒயின், அதில் கைப்பும் மணமும் உள்ள இலை, வேர், பழத்தோல், விதை ஊறிய சாறு, கொஞ்சம் பிராந்தி, சர்க்கரை. இனிப்பு வகை 1786இல் இத்தாலியின் தூரின் நகரில் அந்தோனியோ பெனதெத்தோ கார்பானோவின் கையில் தொடங்கியது. இனிப்புக் குறைந்த வகை 1813இல் பிரான்சில் ஜோசப் நுவாயி செய்தது.

பெயர் 'வெர்முத்' என்ற ஜெர்மன் செடிப்பெயரிலிருந்து வந்தது. அந்தச் செடிக்குப் பழைய விவிலிய மொழிபெயர்ப்பில் 'எட்டி' என்று இருக்கிறது. ஆகவே 'எட்டித்தேறல்' (தேறல்: தெளிந்த மது) என்று முன்மொழிகிறேன்.

– திருநகர்

---

மறுமொழி:

ஐயா, அதை இப்போதே எடுத்துவிடுங்கள்.

எங்கள் தெருவில் எட்டி என்று கேட்டால் எடுத்து வைப்பது எட்டிக்கொட்டை. ஸ்ட்ரிக்னைன் என்ற கொடிய நஞ்சு உள்ள சரக்கு. நஞ்சு நீக்கிச் சுத்தி செய்யத் தெரிந்த வைத்தியர் கையைத் தாண்டி அது போகக் கூடாது. வெளிப்படுத்தின விசேஷம் 8:11இல் நட்சத்திரத்துக்கு எட்டி என்று பெயர் வைத்தவர்களுக்குக் கசப்பு என்ற குறிப்பு வந்தால் போதும். அவர்கள் யாருக்கும் பானம் செய்யச் சொல்லித் தரவில்லை. நம் தொகுதியைப் பார்த்து ஒருவர் 'எட்டித்தேறலுக்கு எட்டி எங்கே' என்று கேட்டுவந்தால் அது சாவில்தான் முடியும்.

ஜெர்மன்காரர் சொல்லும் செடி ஆர்டிமீசியா அப்சிந்தியம். அது நம் பக்கம் வருவதில்லை. ஆனால் அதே பேரினத்தில் மாசிபத்திரியும் மரிக்கொழுந்தும் இங்கே உண்டு. மரிக்கொழுந்து பூக்கடையிலேயே கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டு 251ஆம் விதி, வெர்மூத்தின் குணமான சுவை ஆர்டிமீசியா பேரினச் செடியிலிருந்து வரவேண்டும் என்கிறது; எந்த இனம் என்று கட்டிப்போடவில்லை. ஆக மாசிபத்திரி போட்டாலும் அது வெர்மூத்தே.

– கீழமாசி வீதி

---

மறுமொழி:

அண்ணாச்சி சொல்வது சரி. எட்டியை விடுவோம். ஆனால் புதுச்சொல்லே எதற்கு? சித்த, ஆயுர்வேதக் கடைகளில் திராட்சாரிஷ்டம் இருக்கிறது. திராட்சை, மூலிகை, மதுச்சாரம் (ஆல்கஹால்) மூன்றும் அதில் உண்டு. 'கைப்பு அரிஷ்டம்' என்றால் எல்லோருக்கும் புரியும்.

– பசுமலை

---

மறுமொழி:

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். அரிஷ்டத்தில் முதலில் மூலிகைக் கஷாயம், பிறகு வெல்லமும் காட்டாத்திப்பூவும் போட்டுப் புளிக்கவைத்தல். மதுச்சாரம் அங்கேயே, அந்தக் கஷாயத்துக்குள் பிறக்கிறது. வெர்மூத்தில் வரிசை தலைகீழ்: ஒயின் முன்பே முடிந்த பொருள், மூலிகை பின்னால் வருகிறது, மதுச்சாரம் வெளியிலிருந்து ஏற்றப்படுகிறது. சொல் இந்த வரிசையைச் சொல்லவேண்டும். அதற்குச் செய்முறையை ஒருமுறை முழுதாகப் பார்த்துவிடுவது நல்லது.

(முதலில் ஒன்று: 1937 மதுவிலக்குச் சட்டம் உள்ள நம் மாநிலத்தில் வீட்டில் புளிக்கவைப்பதும் வடிப்பதும் குற்றம். கீழே இரண்டும் இல்லை, ஊறவைத்தலும் கலத்தலும்தான். அதற்கும் அவரவர் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளவேண்டும். விற்பது பற்றிப் பேச்சே இல்லை.)

இனிப்பில்லாத வெள்ளை ஒயின், மதுச்சாரம் 12 சதவீதம், 750 மில்லி. பிராந்தி, 42.8 சதவீதம், 150 மில்லி. சர்க்கரை 135 கிராம். மூலிகையை ஒயினில் போடக்கூடாது, பிராந்தியில்தான். 12 சதவீதத்தில் பிசினும் எண்ணெயும் மெதுவாகத்தான் இறங்கும், அதற்குள் திறந்த ஒயின் காற்றுப்பட்டுப் பழுத்த ஆப்பிள் வாடை அடிக்கும்.

150 மில்லி பிராந்திக்கு: காய்ந்த மாசிபத்திரி 1 கிராம், உலர்ந்த கமலா ஆரஞ்சுத் தோல் 4 கிராம், நசுக்கிய கொத்தமல்லி 2 கிராம், அதிமதுரம் 1 கிராம், போடிப் பக்கத்து ஏலக்காய் மூன்று, சுருள்பட்டை அரை கிராம், வெட்டிவேர் அரை கிராம், கிராம்பு ஒன்று. மாசிபத்திரியை மட்டும் துணியில் முடிந்து தொங்கவிட்டு 24 மணி நேரத்தில் எடுத்துவிடவேண்டும். மற்றவை மூன்று நாள். குளிர்நாட்டுக் குறிப்புகள் ஒரு வாரம், இரண்டு வாரம் என்று சொல்லும். மதுரைச் சித்திரையில் அந்தக் கணக்கு செல்லாது, இரண்டாம் நாளிலிருந்தே ஒரு துளியைத் தண்ணீரில் விட்டுச் சுவைத்துப் பார்க்கவேண்டும். பாத்திரம் கண்ணாடி மட்டும். ஒயினின் புளிப்பு அலுமினியத்தையும் பித்தளையையும் அரிக்கும்.

சர்க்கரையில் 60 கிராமைச் சட்டியில் உருக்கித் தேன்நிறம் வந்ததும் அடுப்பை அணைத்து, அளந்து வைத்த ஒயினிலிருந்தே 100 மில்லியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றவேண்டும். பொங்கித் தெறிக்கும், முகத்தைத் தள்ளி வையுங்கள். மீதிச் சர்க்கரையை அதே சூட்டில் கரைக்கலாம். ஆறியபின் மீதி ஒயினையும் மூலிகை ஊறிய பிராந்தியை வடித்தெடுத்த சாற்றையும் அதில் சேர்க்கவேண்டும். ஏன் தண்ணீர் ஊற்றக்கூடாது? ஒரு கிராம் சர்க்கரை கரைந்தால் ஏறத்தாழ 0.62 மில்லி இடம் பிடிக்கும். மொத்தம் 984 மில்லி. ஒயின் பங்கு 76 சதவீதம். 30 மில்லி தண்ணீர் சேர்ந்தால் அது 74க்கு இறங்கிவிடும். மேலே சொன்ன ஐரோப்பிய விதி கேட்பது குறைந்தது 75. மதுச்சாரம் 15.7 சதவீத அளவில் நிற்கும். விதியின் எல்லை 14.5 முதல் 22க்குள். சர்க்கரை லிட்டருக்கு 137 கிராம், 130 தாண்டினால் இனிப்பு வகை. இனிப்புக் குறைந்தது வேண்டுமென்றால் உருக்காமல் 30 கிராம் போதும், லிட்டருக்கு 33 வரும், எல்லை 50.

கெடுவது எங்கே என்றால், பெரும்பாலும் கிராம்பில். ஒன்றை மூன்றாக்கினால் பல்வலி மருந்து வாடைதான் மிஞ்சும். ஆரஞ்சுத் தோலின் வெள்ளைப் பகுதி நாக்கின் அடியில் ஒட்டும் கசப்பைத் தரும். கத்தியால் சுரண்டியே காயவைக்கவேண்டும். சாற்றை ஒயினில் சேர்த்ததும் பால்போலக் கலங்கினால் பயம் வேண்டாம், தோலெண்ணெய் மதுச்சாரம் குறைந்ததும் பிரிகிறது. இரண்டு நாள் குளிர்பெட்டியில் வைத்து, துணியிலும் பிறகு காப்பி வடிதாளிலும் வடிகட்டினால் பெரும்பகுதி தெளியும். மாசிபத்திரி கூடிப்போனால்தான் வழியில்லை. கைப்பை எடுக்க முடியாது. மாசிபத்திரி போடாத இன்னொரு பங்கு செய்து கலந்து நீர்க்கடிப்பதுதான். அதிலுள்ள துஜோன் என்ற வேதிப்பொருளுக்கு ஐரோப்பாவில் கிலோவுக்கு 35 மில்லிகிராம் என்று வரம்பும் உண்டு, கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம்.

கம்பம் பன்னீர் திராட்சையில் செய்த ஒயின் கிடைத்தால் இனிப்பு வகைக்கு நன்றாகப் பொருந்தும்; நிறம் சிவக்கும், அதிலேயே இருக்கிற சர்க்கரையைக் கணக்கில் கழிக்கவேண்டும். வெள்ளை, இனிப்புக் குறைந்த வகைக்கு அது ஆகாது.

– கம்பம்

---

மறுமொழி:

சரக்குப் பட்டியலில் ஒரு சேர்க்கை. துவர்ப்பு இல்லை. கடுக்காய்த் தோல் கால் கிராம் போடுங்கள். 'கடுக்காய்க்கு அகநஞ்சு' என்பது தெரிந்ததுதானே, கொட்டையை எடுத்துவிடவேண்டும். வசம்பு போடலாமா என்று யாராவது கேட்பார்கள். வேண்டாம், அதிலுள்ள அசரோன் என்ற வேதிப்பொருளுக்காகப் பல நாடுகளில் உணவில் தடை. நிலவேம்பு மாற்றாகாது. கைப்பு இருக்கும், மணம் இருக்காது.

– கீழமாசி வீதி

---

மறுமொழி:

கம்பத்துக்காரர் வரிசை என்று சொன்னதும் எனக்குச் சொல் கிடைத்துவிட்டது. பாண்டியன் நன்மாறனை நக்கீரர் பாடிய புறநானூறு 56ஆம் பாட்டில் 'யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்'. கப்பலேறி வந்த ஒயினுக்கு மதுரை மன்னன் காலத்துப் பெயர் தேறல். தேறியது, தெளிந்தது. கமழ்தேறல்!

– திருநகர்

---

மறுமொழி:

சொல் நன்று. சான்றை மட்டும் இழுக்காதீர்கள், ஐயா. அங்கே 'தண்கமழ்' ஒயினின் இயல்பான மணத்தைச் சொல்கிறது. மூலிகை போட்டது என்பதற்கு அந்த வரியில் இடமில்லை. பதிவில் 'பழைய சொல்லாட்சியை ஒட்டிய புதுச்சொல்' என்று குறித்தால் நேர்மை.

இன்னொன்று: மணமூட்டிய ஒயின் எல்லாமே கமழ்தேறல் ஆகும். வெர்மூத் அதில் ஒரு வகை. மாசிபத்திரி இனம் போட்டால் மட்டும் 'கைப்புக் கமழ்தேறல்'. பொதுச்சொல், சிறப்புச்சொல் இரண்டும் கிடைத்துவிட்டன.

– பசுமலை

---

மறுமொழி:

ஒப்புக்கொள்கிறேன். துணைச்சொற்களில்தான் வம்பு. பிராந்தியில் இறங்கிய சாற்றுக்கு 'ஊறல்' என்றுதான் எழுத வந்தது. ஆனால் 'சாராய ஊறல் அழிப்பு' என்று நாளிதழில் வராத மாதம் இல்லை. ஆகவே 'ஊறுசாறு'. மதுச்சாரம் கூட்டுவதைச் 'செறிவூட்டல்' என்றால் ரேஷன் கடை அரிசி நினைவுக்கு வரும். பழம்பாட்டில் தேறலின் வீரியத்துக்குக் 'கடுப்பு' உண்டு ('தேட்கடுப்பன்ன நாட்படு தேறல்'), அதை வைத்துக் 'கடுப்பேற்றல்' என்று எழுதினால் இளசுகள் வேறு பொருளில் சிரிப்பார்கள். 'வலுவேற்றல்' போதும்.

– கம்பம்

---

மறுமொழி:

மூலிகை, தோல், விதை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு சொல்? எங்கள் பேச்சில் 'மணச்சரக்கு'. சரக்கு என்றால் இப்போது வேறு பொருளும் உண்டு. இங்கே இரண்டும் பொருந்திப் போகிறது, விட்டுவிடலாம்.

– கீழமாசி வீதி

---

மறுமொழி:

சிலப்பதிகாரத்தில் மாதவி நீராடிய நீர் 'பத்துத் துவரினும் ஐந்து விரையினும் முப்பத்திரு வகை ஓமாலிகையினும் ஊறின நன்னீர்'. ஊறவைக்கும் மணப்பொருள் தொகுப்புக்கு ஆயத்தமான சொல்: ஓமாலிகை. குளிக்கிற நீருக்கு உரியது என்பதுதான் தடை.

– திருநகர்

---

மறுமொழி:

எனக்கு அது தடையாகத் தெரியவில்லை, ஆனால் கடையில் போய் ஓமாலிகை கேட்டால் ஓமம் கட்டித் தருவார்கள். மணச்சரக்குக்கே என் வாக்கு. பதிவு வரைவு:

'கமழ்தேறல்: மணச்சரக்கின் ஊறுசாறு சேர்த்த ஒயின். கைப்புக் கமழ்தேறல் (வெர்மூத்): மாசிபத்திரி இனச் செடியின் ஊறுசாறு சேர்த்து வலுவேற்றியது. குளிர்பெட்டியில் வைத்து, திறந்தபின் இரண்டு மாதத்துக்குள் பயன்படுத்துக.'

– பசுமலை

---

மறுமொழி:

சரி. மாசிபத்திரிக்கு அருகே தாவரப் பெயரையும் தமிழெழுத்தில் போடுங்கள்; வேறு இலையையும் அந்தப் பெயரில் கட்டித் தருகிறவர்கள் உண்டு. வாங்கும்போது இலையைக் கசக்கி முகரச் சொல்லுங்கள்: அடிப்பக்கம் வெளுத்திருக்கும், கற்பூரமும் கசப்பும் கலந்த வாடை வரும். 'எட்டி அன்று' என்று ஒரு வரியும், தனியாக, அழுத்த எழுத்தில்.

– கீழமாசி வீதி