ஃபுல் டேங்க் அடித்தால் மட்டும் காருக்குள் பெட்ரோல் வாசனை: எங்கே பார்ப்பது?

தில்லைநகர்க்காரன்:
வணக்கம் நண்பர்களே. வண்டி 2013 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 35 லிட்டர் டேங்க், நான் இரண்டாவது ஓனர். ஃபுல் டேங்க் அடித்த அன்றும் மறுநாளும் காருக்குள் பெட்ரோல் வாசனை தூக்கலாக வருகிறது, முள் பாதிக்குக் கீழே இறங்கியதும் சுத்தமாக நின்றுவிடுகிறது. பின் சீட்டில் உட்காரும் அம்மாதான் முதலில் கண்டுபிடித்தார், தலையை வலிக்கிறது கண்ணாடியை இறக்குடா என்று. முன்னால் இருக்கிற எனக்கு ரவுண்டானாவில் திருப்பும்போதும் வேகத்தடையில் ஏறி இறங்கும்போதும்தான் குப்பென்று அடிக்கிறது. அடியில் சொட்டு இல்லை, மைலேஜ் குறையவில்லை, செக் என்ஜின் விளக்கும் எரியவில்லை. கொஞ்ச நாள் முன்பு ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஃப்யூல் பம்ப் மாற்றினேன். அங்கேயே போய்க் கேட்டதற்கு, "இப்போ வர்ற எத்தனால் பெட்ரோல் அப்படித்தான் சார் நாறும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்படியும் இருக்குமா?

பைபாஸ் ரைடர்:
ப்ரோ, பங்கில் ஆட்டோ கட் ஆனதும் நிறுத்தச் சொல்கிறீர்களா, இல்லை ரவுண்டு பண்ணுங்க என்று விட்டுவிடுகிறீர்களா? கட் ஆன பிறகும் டிக் டிக் என்று 3,000 ரூபாய்க்கு இழுத்துப் பிடித்து ஊற்றினால், ஆவி போக வேண்டிய குழாயில் பெட்ரோலே ஏறி, கேனிஸ்டரில் (டேங்க் ஆவியைப் பிடித்துவைக்கும் கரி டப்பா) இருக்கிற கரியை நனைத்துவிடும். ஒருமுறை ஊறிய கரி பிறகு ஆவியைப் பிடிக்காது. அதுவும் வெயில் காலத்தில் விளிம்பு வரை அடித்துவிட்டு வெயிலில் நிறுத்தினால், தரைக்கடியில் குளிர்ந்து கிடந்த பெட்ரோல் 15 டிகிரி சூடேறினாலே 35 லிட்டருக்கு அரை லிட்டர் அளவுக்கு விரியும், அது எங்கே போகும்? அடுத்த தடவை முதல் கட்டோடு நிறுத்திப் பாருங்கள்.

கிரீஸ் கை:
தம்பி, பைபாஸ் ரைடர் சொன்னது சரிதான், ஆனால் உங்கள் விஷயத்தில் நான் கேனிஸ்டரிடம் போக மாட்டேன். வாசனை எப்போது வருகிறது என்பதிலேயே பாதி பதில் இருக்கிறது. டேங்க் நிறைந்தால் மட்டும், பின் சீட்டில் முதலில், திருப்பத்தில் அதிகமாக, அதுவும் பம்ப் மாற்றிய பிறகு. பம்ப் உட்காரும் வாயில் போடுகிற ரப்பர் ஓ-ரிங்தான் என் சந்தேகம். கழற்றும்போது அந்த ரிங் பெட்ரோலில் ஊறி உப்பியிருக்கும், பழைய பள்ளத்தில் திரும்ப உட்காரவே உட்காராது. நிறைய பேர் அதையே அமுக்கித் திணித்து மேலே பூட்டு வளையத்தைத் திருகிவிடுவார்கள். டேங்க் குறைவாக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. நிறைந்து, வண்டி சாயும்போது உள்ளே இருக்கிற பெட்ரோல் பம்ப் தலையின் விளிம்பைத் தொடும், கசியும், சீட்டுக்கு அடியிலிருந்து ஆவி மேலே வரும்.

பார்ப்பது சுலபம். பின் சீட்டு மெத்தையைத் தூக்குங்கள், கார்ப்பெட்டுக்குக் கீழே ஒரு தகர மூடி இருக்கும் (சில வண்டிகளில் இருக்காது, டேங்கையே இறக்க வேண்டியதுதான்). அதைத் திறந்தால் பம்பின் தலை. சுற்றிலும் புழுதி காய்ந்து கிடக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் புழுதி கருத்துச் சேறு மாதிரி ஒட்டியிருந்தால் அங்கேதான் கசிவு. சந்தேகமாக இருந்தால் துடைத்துவிட்டு முகப் பவுடர் தூவி ஃபுல் டேங்கோடு ஒரு ரவுண்டு போய் வாருங்கள், நனைந்த இடம் தானே காட்டும். டேங்க் வாயிலிருந்து இறங்கும் ரப்பர் ஹோஸையும் வளைத்துப் பாருங்கள், 2013 வண்டி என்றால் வெடிப்பு விட்டிருக்கலாம். 20 சதவீத எத்தனாலைத் தாங்கும் ரப்பர் வண்டிகளில் பரவலாக வந்ததே 2023 வாக்கில்தான். ஆனால் எத்தனால் ரப்பரைக் கெடுக்கும் என்பது வேறு, பெட்ரோல் காருக்குள் நாறுவது இயல்பு என்பது வேறு. எந்தப் பெட்ரோலாக இருந்தாலும் உள்ளே வாசனை வந்தால் எங்கேயோ வழி இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், மேலே போகாமல் தரையோடு படரும். வீட்டு போர்டிகோவில் நிறுத்தினால், பக்கத்தில் இன்வெர்ட்டர், வெள்ளிக்கிழமை வண்டிக்கு முன் கற்பூரம் எல்லாம் இது சரியாகும்வரை வேண்டாம். தெருவிலேயே நிறுத்துங்கள்.

மழைக்கால எலி:
ஏசியை உள்காற்றில் வைத்தால் வாசனை நிற்கிறதா என்றும் பாருங்கள். நின்றால் என்ஜின் பக்கம், ஏனென்றால் வெளிக்காற்று பானட்டுக்குப் பின்னால் இருந்துதான் உள்ளே வருகிறது. என் வண்டியில் மழைக்காலத்தில் எலி ஏறி ஃப்யூல் ஹோஸைக் கொறித்து வைத்திருந்தது, பல் பதிந்த இடத்தில் மெல்லிய ஈரம், அவ்வளவுதான். என்ஜினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஃப்யூல் ரெயில் குழாயில் ஏறக்குறைய 3 பார் அழுத்தம் இருக்கும், சூடான சைலன்ஸர் மேனிஃபோல்டு மேல் ஒரு துளி தெறித்தால் போதும். சாதா ஹோஸ் வாங்கி மாட்டிவிடாதீர்கள், இன்ஜெக்‌ஷன் வண்டிக்கான ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள்.

தில்லைநகர்க்காரன்:
உள்காற்றில் வைத்தாலும் வாசனை அப்படியே இருந்தது, அதனால் சீட்டைத் தூக்கினேன். கிரீஸ் கை அண்ணா சொன்னபடியே, பம்ப் தலையின் இடது ஓரத்தில் ஒரு கை அகலத்துக்குப் புழுதி கறுப்பாகக் குழைந்திருந்தது, மற்ற இடமெல்லாம் காய்ந்த மண். வேறொரு மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைத்தேன். டேங்க் பாதிக்குக் கீழே வரும்வரை ஓட்டிவிட்டுக் கூப்பிடச் சொன்னார். பம்ப் கனெக்டரைப் பிடுங்கிவிட்டு என்ஜினைத் தானாக அணையும்வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்கினார், பேட்டரி நெகட்டிவைக் கழற்றினார், மண் உள்ளே விழாமல் பிரஷ்ஷால் துடைத்தபிறகுதான் வளையத்தையே தொட்டார். வளையத்தைத் தட்டியதும் மரக்கட்டையால். ஓ-ரிங்கை எடுத்துக் காட்டினார்: ஒரு இடத்தில் முறுக்கிக்கொண்டு, விளிம்பில் நசுங்கி நாடா மாதிரி ஆகியிருந்தது. புது ரிங் சில நூறு ரூபாய்தான். நேற்று ஃபுல் அடித்தேன், முதல் கட்டோடு நிறுத்திவிட்டேன், அம்மா பின்னால் உட்கார்ந்து ஸ்ரீரங்கம் வரை கண்ணாடி ஏற்றியபடியே வந்தார். மிக்க நன்றி அண்ணா.

கரூர் செல்வன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு டேங்க் அளவு எப்படி இருந்தாலும் காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் பானட் பக்கம் வாசனை, என்ஜின் சூடானதும் போய்விடுகிறது. இதுவும் அதே ரிங்தானா?

கிரீஸ் கை:
இல்லை, உங்களுடையது முன்பக்கம். இன்ஜெக்டர் ஓ-ரிங் இறுகிப்போனால் குளிரில் சுருங்கிக் கசியும், சூட்டில் விரிந்து அடைத்துக்கொள்ளும். நாளைக் காலை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் மட்டும் பண்ணி, பம்ப் ஓடும் சத்தம் நின்றதும் டார்ச்சோடு ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலைப்பக்கமும் பாருங்கள். ஈரம் தெரிந்தால் ஸ்டார்ட்டே பண்ண வேண்டாம், மெக்கானிக்கை வண்டி இருக்கிற இடத்துக்கு வரச் சொல்லுங்கள். மாற்றும்போது எல்லா ரிங்கையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள், ஒன்று போனால் மற்றவற்றுக்கும் அதே வயசுதான்.