மாயவரம் வீட்டைக் காலி செய்கிறோம்: புடவை, பைண்டு புத்தகம், பித்தளை எல்லாவற்றையும் என்ன செய்வது?

கிழக்குத்திண்ணை:

எல்லோருக்கும் வணக்கம். தை பிறந்ததும் மாயவரத்து வீட்டைக் காலி செய்துவிட்டு மாமியாரை எங்களோடு குரோம்பேட்டைக்குக் கூட்டி வருகிறோம். எங்களுடையது இரண்டு பெட்ரூம் ஃப்ளாட், லாஃப்ட் எல்லாம் ஏற்கெனவே அடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. அங்கே இருப்பதோ மூன்று தலைமுறைக் குடித்தனம்.

என்னென்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஒரு மரப்பெட்டி நிறைய நூல் புடவை, சுங்குடி, கண்டாங்கி, மாமியாரின் மாமியார் கட்டிய ஒன்பது கஜம் உட்பட. கொஞ்சம் பழைய பட்டு. மாமனார் வாரப் பத்திரிகைகளிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைப் பிரித்தெடுத்து பைண்டு செய்து வைத்தது ஒரு பீரோ. பரண் முழுக்கப் பித்தளை, வெண்கலம், ஒரு ஈயச்சொம்பு. கொலு பொம்மைகள். இங்கே இடமில்லை என்று நான் கொண்டுபோய் வைத்த ஓவனும் அங்கேதான் இருக்கிறது.

கணவர் பேப்பர்காரரையும் காயலான் கடைக்காரரையும் ஒரே நாளில் கூப்பிட்டால் முடிந்தது என்கிறார். மாமியார் எதையும் வேண்டும் என்றும் சொல்வதில்லை, வேண்டாம் என்றும் சொல்வதில்லை. எதைக் கேட்டாலும் "உங்க இஷ்டம்" என்கிறார், எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. வீடியோக்களில் பார்த்தால் பொருளைக் கையில் எடுத்து மகிழ்ச்சி தருகிறதா பார், இல்லையென்றால் தூக்கிப் போடு என்கிறார்கள். ஈயச்சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு எப்படிங்க அதைக் கண்டுபிடிப்பது? எனக்குத் தையல் ஓரளவு வரும், கால் மிஷின் ஒன்றும் அந்த வீட்டில் இருக்கிறது. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஊசிநூல்:

புடவை கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், அதுதான் எனக்குத் தெரிந்த பக்கம்.

முதலில் ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், அப்புறம் இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவே குறுக்கே லேசாக இழுங்கள். இழை விட்டுக்கொடுத்தால் அதைத் தைக்க நினைக்காதீர்கள், ஊசி போகிற இடமெல்லாம் கிழியும். அது கரித்துணி, வடாம் பிழிகிற துணி, கொலு பொம்மை சுற்றுகிற துணி. பொம்மைகளைச் சென்னைக்கு எடுத்து வரப்போகிறீர்கள்தானே, செய்தித்தாளில் சுற்றாமல் இதில் சுற்றுங்கள். பேப்பர் மை காகிதக்கூழ் பொம்மையின் வெள்ளைப் பூச்சில் ஒட்டிக்கொள்ளும்.

இழை கெட்டியாக இருந்தால் போர்வை தையுங்கள். கணக்கு ரொம்ப சுலபம். ஐந்தரை மீட்டர் புடவையை மூன்றாக மடித்தால் நீளம் 1.8 மீட்டருக்குக் கொஞ்சம் மேல், அகலம் ஏறக்குறைய 1.15 மீட்டர். ஒரே புடவையில் மூன்று அடுக்கு, ஒருவர் போர்த்திக்கொள்ளத் தாராளம். ஒன்பது கஜம் எட்டு மீட்டருக்கு மேல் வரும், அதை நாலாக மடித்தால் இரண்டு மீட்டர் நீளத்தில் நாலு அடுக்கு. வெட்டவே வேண்டாம், மடித்தபடியே தைக்கலாம். கரை மட்டும் புடவையின் உடம்பை விடக் கனமாக இருந்தால் அதைப் பிரித்தெடுத்து ஓரத்துக்கு வைத்துத் தையுங்கள், இல்லாவிட்டால் துவைத்த பிறகு ஓரம் சுருண்டுகொள்ளும்.

தைக்கும் முன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து அலசிவிடுங்கள், கஞ்சி கொஞ்சமும் மிச்சம் இருக்கக் கூடாது, கஞ்சி இருந்தால் வெள்ளிப்பூச்சி தேடிக்கொண்டு வரும். பிறகு தரையில் விரித்து நடுவிலிருந்து ஓரத்துக்குக் கையால் நூலோட்டுங்கள், ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் நடுவில் துணி குவிந்துபோகும். மிஷினில் 16ஆம் நம்பர் ஊசி, தையல் நீளம் பெரிதாக வைத்து நேர்கோடாகவே ஓட்டுங்கள், பூ வேலையெல்லாம் வேண்டாம்.

நூலோட்டுகிற வேலையை மாமியாரிடம் கொடுங்கள் என்பேன். உபகாரமாக இல்லை, அந்தத் தலைமுறைக்கு நம்மைவிடக் கை நேராக ஓடும். இன்னொன்று, பை, பர்ஸ், சோபா உறை, மிதியடி என்று எல்லாவற்றையும் தைத்துத் தள்ளாதீர்கள். பெட்டியில் இருந்த குப்பை ஷோகேஸுக்குப் போகும், அவ்வளவுதான்.

பழுப்புத்தாள்:

பேப்பர்காரரைக் கூப்பிடுவதற்கு முன் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள். உங்கள் கணவர் மேல் கோபமில்லை, எல்லா வீட்டிலும் இதேதான் நடக்கிறது.

பைண்டு செய்த தொடர்கதையில் கதை பெரிய விஷயமில்லை. பிரபலமானவை பெரும்பாலும் புத்தகமாக வந்து கடையில் கிடைக்கின்றன. ஆனால் புத்தகமாகப் போடும்போது வாராவாரம் வந்த படங்களில் பலவும் விட்டுப்போகும். மணியம், கோபுலு போன்றவர்கள் வரைந்த காலத்துப் பக்கங்கள் உங்கள் பீரோவில் இருந்தால் அவற்றைக் கிலோ கணக்கில் போடுவது பாவம். பக்கத்தின் பின்புறத்தையும் பாருங்கள், அந்தக் காலத்து சோப்பு, ரேடியோ, தலைவலித் தைல விளம்பரமெல்லாம் இருக்கும்.

சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, 1994இல் தொடங்கியது. காரைக்குடிப் பக்கம் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தனி ஆளாகச் சேர்த்ததுதான் அதன் அடித்தளம். அவர் புத்தகத்தோடு நிற்கவில்லை, கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று மற்றவர்கள் கசக்கிப் போடுவதையும் சேர்த்தார். அதனால் உங்கள் பீரோவின் அடித்தட்டைத் துழாவுங்கள். தியேட்டர் வாசலில் விற்ற சினிமா பாட்டுப் புத்தகம், பழைய கல்யாணப் பத்திரிகை, பஞ்சாங்கம், கூட்ட நோட்டீஸ் இருந்தால் அவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள். ஆனால் நூலகம் என்றால் மூட்டையைக் கொண்டுபோய் இறக்கிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். பத்திரிகையின் பெயர், வருடம், தலைப்பு, பக்கம் விட்டுப்போயிருக்கிறதா என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு முதலில் கேளுங்கள். அவர்களிடம் ஏற்கெனவே இருப்பதை மறுபடி எடுத்துக்கொள்ள அவர்களுக்கும் இடம் வேண்டுமே.

அவர்களுக்கு வேண்டாதது என்றால் திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் ரோடு, இப்போதைய பாரதி சாலை, நடைபாதைப் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. விலை பெரிதாக வராது, ஆனால் படிக்கிறவர் கைக்குப் போகும்.

நீங்களே வைத்துக்கொள்வதற்கு ஒரு தட்டு மட்டும் ஒதுக்குங்கள். பூச்சி இருந்தால் வெயிலில் காயவைக்க வேண்டாம், மட்டமான தாள் வெயிலில் இன்னும் பழுத்து, தொட்டால் நொறுங்கும். பாலிதீன் பையில் காற்றில்லாமல் கட்டி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் அப்படியே விடுங்கள், உடனே பிரித்தால் தாள் மேல் ஈரம் கோத்துவிடும். துருப்பிடித்த பின்னைக் கழற்றிவிடுங்கள். செலோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். அந்துருண்டை வேண்டாம், அதுவும் வீட்டில் கைக்குழந்தை இருந்தால் கூடவே கூடாது. பழங்காலத்தில் சுவடிக்குப் பக்கத்தில் வசம்பு வைப்பார்கள், நானும் அதைத்தான் வைக்கிறேன்.

கடைத்தெரு:

பாத்திர விஷயத்தில் உணர்ச்சிவசப்படாமல் ஒரு தராசு வாங்குங்கள். வீட்டிலேயே எடை போட்டு எழுதி வைத்துவிட்டுக் கடைக்குப் போங்கள். பித்தளையையும் வெண்கலத்தையும் ஒன்றாக நிறுக்க விடாதீர்கள், வெண்கலத்துக்கு விலை அதிகம். தட்டிப் பார்த்தால் வெண்கலம் கணீரென்று இழுத்து ஒலிக்கும், பித்தளை சட்டென்று அடங்கிவிடும். அடியில் தாமிரம் வைத்த பாத்திரங்களைத் தனியாக வையுங்கள். காயலான் கடையைவிடப் பாத்திரக்கடையில் பழசுக்குப் பதில் புதுசு எடுத்தால் கொஞ்சம் நியாயமாக வரும், ஆனால் கழிவு எவ்வளவு பிடிக்கிறார்கள் என்பதை முதலில் கேட்டுவிட்டுப் பிறகு பாத்திரத்தை வெளியே எடுங்கள்.

ஈயச்சொம்பை விற்காதீர்கள். வெள்ளீயம் இன்றைக்குச் செம்பைவிட விலை கூடின உலோகம், காயலான் கடையில் அந்த விலை உங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது. ரசம் வையுங்கள். வெறும் சொம்பை அடுப்பில் வைக்காதீர்கள், 232 டிகிரியில் உருகிவிடும், பிறகு அழுது பயனில்லை. புளித்தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். அதற்கு முன் ஒரு வெள்ளைத்தாளில் தேய்த்துப் பாருங்கள், பென்சில் மாதிரிக் கறுப்பாகக் கோடு விழுந்தால் காரீயம் கலந்திருக்கிறது, சமையலுக்கு ஆகாது. கோடு விழாவிட்டாலும் நூற்றுக்கு நூறு நம்ப முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கே வாங்கியது, யார் வாங்கியது என்று மாமியாருக்குத் தெரியும், கேளுங்கள். சந்தேகம் இருந்தால் அதில் பணியாரக் கம்பியைப் போட்டு வையுங்கள்.

பெயர் வெட்டிய பாத்திரங்கள் நிறைய இருக்குமே? அந்தப் பெயருக்குரியவரின் பேரன் பேத்தியைத் தேடிக் கொடுத்துவிடுங்கள். பாதிப் பரண் அப்படியே காலியாகும்.

மழைக்காலம்99:

எல்லாரும் இவ்வளவு எழுதுகிறீர்கள், ஆனால் நான் அவர் கணவர் கட்சி. ஃப்ளாட் மனுஷர் இருக்கிற இடம், மியூசியம் கிடையாது. போகிக்கு முன்னாடி ஒரே மூச்சில் முடித்துவிடுங்கள்.

ஊசிநூல்:

முடிக்கட்டும், ஆனால் போகியில் கொளுத்துகிற வேலை மட்டும் வேண்டாம். 2018 போகியன்று சென்னையில் புகையில் விமானமே இறங்க முடியாமல் போனது நினைவிருக்கும். அதில் நைலெக்ஸ் மாதிரிச் செயற்கை இழைப் புடவையைப் போட்டால் தெருவே இருமும்.

ரவாலட்டு:

ஓவனைப் பற்றி யாருமே பேசவில்லையே! அது ஓடிஜி, அதாவது ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்த மின்சாரப் பெட்டி என்றால் முதலில் குரோம்பேட்டை சமையலறையில் பெரிய பின் பிளக் செருகுகிற பாயிண்ட் இருக்கிறதா, மேடையில் அதை வைத்த பிறகு நாலு பக்கமும் கையளவு இடம் மிஞ்சுகிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் கொடுத்துவிடலாம். வருஷத்துக்கு இரண்டு கேக்குக்குக் குக்கரே போதும்: அடியில் ஒரு கிண்ணம் கல்லுப்பு, மேலே ஒரு வளையம், கேஸ்கட்டும் வெயிட்டும் இல்லாமல் மூடி, பத்து நிமிஷம் சூடேற்றிவிட்டு டின்னை உள்ளே வைத்துச் சிறு தீயில் முக்கால் மணி நேரம். பல்குத்தும் குச்சியை விட்டுப் பார்த்து எடுங்கள். அந்த உப்பைக் கொட்டாதீர்கள், சமையலுக்கு ஆகாது, ஆனால் அடுத்த கேக்குக்கும் அதுவே ஆகும்.

ஆனால் பிஸ்கட் சுடுகிறவர் என்றால் ஓவனை விடாதீர்கள். நெய் பிஸ்கட் குக்கரில் அடி கருகி மேலே வெளுத்துத்தான் வரும். எனக்கு ஓவன் இல்லாத வீட்டில் மழைக்காலம் ஓடாது, வேர்க்கடலை வறுக்க, நமுத்துப்போன ரஸ்கை மொறுமொறுப்பாக்க, எல்லாத்துக்கும் அதுதான்.

கிழக்குத்திண்ணை:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விவரமாக வரும் என்று நினைக்கவில்லை. ஓவன் வருகிறது, அளந்து பார்த்துவிட்டேன், மிக்ஸி இடம் மாறினால் போதும். ஈயச்சொம்பைக் கேட்டதும் மாமியார் கும்பகோணத்தில் வாங்கியது, கல்யாணத்துச் சீர் என்று சொல்லி, அதில் வைத்த ரசத்தைப் பற்றி நீண்ட நேரம் பேசினார். "உங்க இஷ்டம்" வரவில்லை.

இன்னொரு கேள்வி. தெருவில் ஒருவர் பழைய பட்டுப்புடவைக்குப் பணம் தருகிறேன் என்று வந்தார். கிழிந்த பட்டுக்கு எதற்குப் பணம் தருகிறார்கள்? கொடுக்கலாமா?

கடைத்தெரு:

ஜரிகைக்குத்தான். அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் தட்டையான வெள்ளிக் கம்பி சுற்றி, அதற்கு மேல் தங்க முலாம் பூசியது. துணியை எரித்து வெள்ளியை எடுத்துவிடுவார்கள். கரையில் உதிர்ந்த இழை ஒன்றை நகத்தால் சுரண்டுங்கள், உள்ளே சிவப்பு நூல் தெரிந்தால் பெரும்பாலும் அசல், செம்புக் கம்பி பளபளத்தாலோ உள்ளே வெள்ளை நூல் வந்தாலோ அசல் இல்லை. வாசலில் வருகிறவரிடம் கொடுக்காதீர்கள். கடைக்குக் கொண்டுபோனால் உரசிப் பார்த்து வெள்ளி எத்தனை சதவீதம் என்று சொல்வார்கள், இரண்டு கடையில் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

ஊசிநூல்:

எல்லாப் பட்டையும் விற்க வேண்டியதில்லை. உடம்பு போய்க் கரை நன்றாக இருந்தால் கரையை மட்டும் எடுத்து நூல் புடவைக்கு வைத்துத் தைக்கலாம், பேத்திக்குப் பாவாடைக்கும் ஆகும். வைத்துக்கொள்கிற பட்டைப் பழைய வேட்டியில் சுற்றி, சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி மடியுங்கள், ஒரே மடிப்பில் இருந்தால் ஜரிகை அங்கேயே ஒடியும். பிளாஸ்டிக் உறை வேண்டாம்.

பழுப்புத்தாள்:

மாமியாரிடம் கேட்கிற விதத்தை மாற்றியது நல்லதாயிற்று. "இது வேணுமா" என்று கேட்டால் யாரும் உங்க இஷ்டம் என்றுதான் சொல்வார்கள். பைண்டு புத்தகத்திலும் அப்படியே செய்யுங்கள், எதை முதலில் படித்தீர்கள் என்று கேளுங்கள், அந்தத் தட்டுக்கு எது வரும் என்று தானாகத் தெரிந்துவிடும்.

கிழக்குத்திண்ணை:

கேட்டேன். அவர் படிக்கவே இல்லையாம்! மாமனார் சத்தமாக வாசிப்பாராம், இவர் அரிசி புடைத்துக்கொண்டே கேட்பாராம். இப்போது கண் சரியாகத் தெரியவில்லை, பெரிய எழுத்து வேண்டும். நான் வாசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன், நடக்கிறதா பார்க்கலாம். மூன்று கட்டு தனியாக எடுத்துவிட்டார், மற்றதற்குப் பட்டியல் எழுதுகிறேன்.

கடைசியாக ஒன்று, கால் மிஷினை லாரியில் எப்படி ஏற்றுவது?

ஊசிநூல்:

தலையைக் கழற்றித் தனியாக, உங்கள் காரில் கொண்டு வாருங்கள். முதலில் தோல் பெல்ட்டைச் சக்கரத்திலிருந்து இறக்குங்கள், பிறகு பின்பக்கக் கீல் இரண்டிலும் இருக்கிற திருகைத் தளர்த்தினால் தலை மேலே தூக்க வந்துவிடும், கனமாக இருக்கும், இரண்டு பேர் பிடிக்கவும். ஊசியையும் பாபின் கேஸையும் எடுத்து ஒரு டப்பாவில் போட்டு அதன் மேல் எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் பொங்கல் முடிந்தும் தேடிக்கொண்டிருப்பீர்கள். வந்ததும் மிஷின் எண்ணெய் விட்டு, ஒரு நாள் கழித்துத்தான் ஓட்டுங்கள், தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், பிசின் மாதிரிப் பிடித்துக்கொள்ளும்.